ஜன்னலுக்குக் காட்டிய கற்பூரம்

ஜன்னலைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இனி எவரிடம் என்ன இருக்கிறது என்ற திமிரோடுதான் அந்த வகுப்புக்குப் போனேன். எங்கள் தொழிலில் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளி சேர்க்க வேண்டும். தலை நரைத்த கட்டடக் கலைஞர்கள் பள்ளிப் பிள்ளைகளைப்போல வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவார்கள். பிறகு ஓடிப்போய்ப் பின்வரிசையில் இடம் பிடித்து, தேநீர் வேளைக்கு உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் வருகிறதா என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். கறிபாப் நன்றாக இருந்தால் வகுப்பும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற ரகம்.

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் கடலோரத்து ஓட்டல் ஒன்றின் கூடத்தில் வகுப்பு நடந்தது. குளிர்சாதனத்தை அவ்வளவு தாராளமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். ஜன்னல்களின் வெப்பத்தைக் குறைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூடம் முழுக்கத் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது.

பாடம் நடத்த வந்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண். கட்டடங்களின் வெப்பத்தை ஆராய்கிறவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராக இருப்பார். முகமன் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார். நம் ஊரில் குளிர்சாதன அறையின் கண்ணாடியில் நீர் பூக்கிறதே, அது கண்ணாடியின் உள்பக்கமா, வெளிப்பக்கமா? உள்பக்கம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

பாதிப் பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. விடை தெரிந்ததால் அல்ல, இதுவும் ஒரு கேள்வியா என்ற அலட்சியத்தால். அந்தப் பெண் சிரித்தபடியே போய்த் திரைச்சீலையை ஒதுக்கினார். பின்னாலிருந்த கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி மூடிக் கிடந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு விழவில்லை. இன்னொரு முறை அழுத்தி இழுத்தார், அப்போதும் விழவில்லை. நீர் வெளிப்பக்கத்தில் பூத்திருந்தது.

கூடம் சிரித்தது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் எல்லோரும் இந்தத் தீவில் பிறந்து, இந்தப் புழுக்கத்தில் வியர்த்து வளர்ந்தவர்கள். வெளியே சூடும் ஈரமும், உள்ளே குளிர். பிறகு நீர் வெளியே பூக்காமல் எங்கே பூக்கும்? ஆனால் நாங்கள் படித்த புத்தகங்கள் பனி பெய்கிற ஊர்களில் அச்சானவை. அங்கே கண்ணாடி உள்பக்கம்தான் வியர்க்கும். பரீட்சைக்கு அப்படி எழுதிப் பட்டமும் வாங்கிவிட்டோம். அதன்பிறகு தினமும் பார்க்கிற கண்ணாடியை நாங்கள் பார்த்ததே இல்லை.

அதற்குப்பின் நான் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாடத்தைக் கவனித்தேன். கவனிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. அதைச் சொல்ல என் அக்காவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அக்கா அதே தீவில் பாயான் பாருவில் இருக்கிறாள். அங்கேயுள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். தூசி வரக்கூடாது என்பதால் அந்தக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. காலை ஷிப்டுக்குப் போனால் மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பதை வெளியே வந்து தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாளாம். ஓய்வு பெற்றதும் ஊர் சுற்றலாம் என்று திட்டம் போட்டிருந்தாள். அதற்குள் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு. தீவில் இடம் கிடைக்கவில்லை. பாலம் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும்.

அந்த நிலையம் ஒரு கடைவீட்டின் நடுக்கூடம். அங்கேயும் ஜன்னல் இல்லை. நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அந்தச் சுவரில் ஒரு கடிகாரம்.

"அந்தக் கடிகாரம் ஓடுதா நிக்குதான்னே தெரியலடி," என்பாள். "ஒருநாளைக்குச் செருப்பைக் கழட்டி அடிச்சாலும் அடிப்பேன். நர்ஸ் கேட்டா தங்கச்சி ஆர்க்கிடெக், அவ வேற ஒண்ணு வாங்கிக் குடுப்பானு சொல்லிடுவேன்."

விளையாட்டாகத்தான் சொல்வாள். திரும்பி வரும்போது அவள் புருஷன், என் மச்சான், ஓட்டுகிற காடியில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பிழிந்துபோட்ட துணி மாதிரி சாய்ந்திருப்பாள். அவளை அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யார் மேலோ கோபம் வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

அப்படியிருக்கையில் பாயான் பாருவிலேயே ஓர் அறநிலையம் இலவசச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முன்வந்தது. வரைபடம் போட என்னைக் கேட்டார்கள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. கட்டணம் வேண்டாம் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். இருக்கிற நிலத்தில் நோயாளிகளின் அறை மேல்மாடியில், மேற்குப் பார்த்துத்தான் அமையும். அந்த மேற்குச் சுவரில் மூன்று பெரிய ஜன்னல்கள் வரைந்தேன். நாற்காலியில் படுத்தபடியே மரமும் சாலையும் தூரத்துக் குன்றும் தெரிகிற மாதிரி.

அறநிலையக் குழுத் தலைவர் வரைபடத்தைப் பார்த்ததுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை யோசிக்காமல் ஒப்பமிட மாட்டார்.

"பிள்ளை, மேற்குப் பக்கம் இவ்வளவு பெரிய ஜன்னல் வைச்சால் பின்னேரம் அந்த அறை அடுப்பாய்ப் போயிடும். பேசாமல் சுவரைக் கட்டி விடுங்கோ. ஒரு சாமிப் படம் மாட்டலாம்."

"ஐயா, சாமியை எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டே பாக்கலாம். ரோட்டைப் பாக்கத்தான் ஜன்னல் வேணும்."

குழுவில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த ஊர் மேற்கு வெயில் லேசுப்பட்டதல்ல. நகர முடியாமல் நான்கு மணி நேரம் கிடக்கிற நோயாளி மேல் அது ஒரு பக்கமாக விழுந்தால் தண்டனைதான். ஆகவே இரட்டைக் கண்ணாடி போடலாம் என்றேன். வெளியே நிறமூட்டிய கண்ணாடி. அதன் உள்முகத்தில் வெயிலைத் திருப்பி அனுப்புகிற பூச்சு. நடுவில் காற்று, உள்ளே தெளிந்த கண்ணாடி. அவர் மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான்தான்.

"அறை சூடானா நானே அந்த ஜன்னலை அடைச்சுச் சுவர் கட்டித் தர்றேன் ஐயா."

"எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டியள். நான் மறக்க மாட்டன்," என்றார். மறக்கிற ஆளும் இல்லை.

கண்ணாடிகள் வந்து, மாட்டி, மேற்பார்வையும் முடிந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் அதன் வகையைச் சொல்லும் ஒட்டுத்தாள் இருந்தது. அதை நானும் வாசித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அந்தத் தாள்களை உரித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் சொன்ன அந்த வகுப்பு.

வகுப்பில் அந்தப் பெண் சொன்னது இதுதான். கண்ணாடிக்கு இரண்டு குணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, வெளிச்சூடும் உள்குளிரும் அதன் வழியே எவ்வளவு கடந்து போகும் என்பது. மற்றது, வெயிலை எவ்வளவு உள்ளே விடும் என்பது. குளிர்நாட்டுக்காரருக்கு முதலாவதுதான் உயிர். நமக்கு இரண்டாவது. அங்கே பூச்சை உள்கண்ணாடியில் வைப்பார்கள், வீட்டுச் சூடு வெளியே போய்விடாமல் இருக்க. நமக்கு வெளிக்கண்ணாடியில் இருக்க வேண்டும், வெயில் உள்ளே வராமல் இருக்க. இடம் மாறினால் கண்ணாடி வெயிலை விழுங்கி வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே காயும்.

"மாட்டிய பிறகு எந்தப் பக்கம் பூச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று முன்வரிசையில் ஒரு சீன நண்பர் கேட்டார்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்தார். மேசைமேல் நின்ற இரட்டைக் கண்ணாடி மாதிரிக்கு முன்னால் கொளுத்திப் பிடித்தார். இரண்டு கண்ணாடிக்கும் சேர்த்து நான்கு முகங்கள் என்பதால், கண்ணாடிக்குள் ஒரு சுடர் நான்காகத் தெரிந்தது. மூன்று சுடர்கள் மஞ்சள். ஒன்று மட்டும் நாவல்பழ நிறம். அந்த முகத்தில்தான் பூச்சு இருக்கிறது. அறைக்குள் நின்று, நம் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது சுடர் நிறம் மாறியிருக்க வேண்டும். இரண்டாவது மாறியிருந்தால் கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்த இடைவேளையில் கறிபாப் என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. கடன் வாங்கிய லைட்டரோடு அந்த மாதிரிக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நிலையத்தின் பூசையை மறுநாளே விடியுமுன் முகூர்த்தத்தில் வைத்திருந்தார்கள். பால் பொங்கி முடிந்தது. குருக்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். அவர் நோயாளிகளின் அறையில் தீபாராதனை காட்டினார். புது நாற்காலிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. அக்கா நடு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதான் என் சீட்டு. யாரும் கேக்கக்கூடாது," என்றாள். பட்டுப்புடைவை கட்டி, பூ வைத்து, அவள் அவ்வளவு மலர்ச்சியாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

வெளியே இன்னும் இருட்டு. குருக்கள் கற்பூரத் தட்டோடு அவளைத் தாண்டிப் போனார். நடு ஜன்னலில் நான்கு சுடர்கள் எழுந்தன. கும்பிடத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது எனக்கு. என் பக்கத்திலிருந்து எண்ணினேன். இரண்டாவது சுடர் நாவல்பழ நிறத்தில் எரிந்தது.

தவறாக எண்ணிவிட்டோமோ என்று நினைப்பதற்குள் குருக்கள் நகர்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"குருக்களய்யா, அந்த ஜன்னலுக்கு இன்னொரு தடவை காட்டுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஜன்னலுக்காம்மா?"

"ஆமா, ஜன்னலுக்குத்தான். கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்."

பக்தி முற்றிய அம்மா என்று நினைத்திருப்பார். புதுக்கற்பூரம் வைத்து, மணியை ஆட்டி, மந்திரம் சொல்லி ஜன்னலுக்கு ஆரத்தி காட்டினார். மறுபடியும் இரண்டாவது சுடர்தான். முதல் ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன், அதுவும் இரண்டாவது. மூலையிலிருந்த மூன்றாவது ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே மூன்றாவது சுடர் நிறம் மாறி எரிந்தது. அது ஒன்றுதான் சரியாக மாட்டியிருந்தது. பின்னால் குழுவே கைகூப்பி நின்றிருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்ததை அவர்கள் ஏதோ தோத்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"என்னடி முணுமுணுக்கிற?" என்று அக்கா கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா," என்றேன். அந்த முகத்தைப் பார்த்து அந்த நேரத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெயில் மேற்கே திரும்பாதவரை அறை குளுகுளுவென்றுதான் இருக்கும். யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சொல்லாமல் விட்டாலோ முதல் வாரமே நோயாளிகள் வெந்துபோவார்கள், தலைவர் செங்கல்லோடு வந்து நிற்பார். ஆகவே காலைப் பசியாறிவிட்டு எல்லோரும் கலைந்தபோது தலைவரை மட்டும் பிடித்து நிறுத்தினேன். மதியம் வாழையிலைச் சாப்பாடு என் செலவு, அதன்பிறகு அறையில் ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்றேன். அக்காவை மச்சான் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

பிற்பகலில் வெயில் ஜன்னலுக்கு வந்தது. குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு, தலைவரை அக்காவின் நாற்காலியில் சாயச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் கழுத்தைத் துடைத்தார். பிறகு ஜன்னல் பக்கத்துக் கன்னத்தைத் தடவினார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார்.

"நான் அப்பவே சொன்னனான், பிள்ளை," என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். "சுவர்தான் சரி."

"நீங்க சொன்னது சரிதான் ஐயா. இப்ப அந்த மூலை நாற்காலில கொஞ்சம் படுங்க."

"அதே வெயில்தானே அங்கயும்?"

"அதே வெயில்தான். படுங்களேன்."

படுத்தார். வெயில் இறங்கி மூன்று ஜன்னலிலும் முழுதாக விழுந்தது. உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்பார்கள். தலைவருக்கும் உண்டு. முதலில் கால் நீண்டது, பிறகு வாய் லேசாகத் திறந்தது. அதன்பிறகு குறட்டை. மேற்கு வெயிலுக்குப் பக்கத்தில், பெரிய கண்ணாடிக்கு ஓரத்தில், அந்த மனிதர் குழந்தை மாதிரித் தூங்கினார். வாழ்க்கையில் எந்தக் குறட்டையையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

விழித்தவரை எழுந்து நிற்கவைத்து மூலைக் கண்ணாடியைத் தொடச் சொன்னேன். தொட்டார். நடுக்கண்ணாடியைத் தொட்டார். திரும்ப வந்து மூலையைத் தொட்டார். காலையில் கற்பூரத்தில் கண்டதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

கண்ணாடி மாட்டிய ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டோம். புக்கிட் தெங்காவில் பட்டறை வைத்திருக்கிற இளைஞர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வந்து சுற்றிப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

"அக்கா, கண்ணாடி கண்ணாடிதான லா. எந்தப் பக்கம் மாட்டுனா என்ன?"

"அப்ப இது மட்டும் ஏன் ஒரு பக்கம், அது ரெண்டும் ஒரு பக்கம்?"

அவர் தலையைச் சொறிந்தார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிற பக்கம் வெளியே வர வேண்டும் என்பது அவருடைய ஆட்களுக்குத் தெரிந்தே இருந்தது.

"இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க எல்லாரும் வந்ததும் ஸ்டிக்கர் எங்க, ஸ்டிக்கர் எங்கனுதான் கேக்குறாங்க அக்கா. மேல்மாடில வெளிப்பக்கம் இருந்தா யாரு எட்டிப் பாக்க முடியும்? அதான் வாசிக்கத் தோதா உள்ள தெரியற மாதிரி மாட்டிட்டாங்க. மூலைல மட்டும் ஏர்கோன் வைக்கிற மேடை இருக்கு, வெளிய நின்னு பாக்கலாம். அது சரியா போயிருக்கு."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெளியே இருக்க வேண்டிய தாளை உள்ளே வைத்து எங்கள் வசதிக்குக் காட்டியிருக்கிறார்கள். நாங்களும் வாசித்து, எல்லாம் சரி என்று போயிருக்கிறோம். கண்ணாடிக்கு எது நல்லது என்று யாரும் பார்க்கவில்லை. மேற்பார்வையாளருக்கு எது நல்லது என்று பார்த்திருக்கிறார்கள்.

"சரி, இப்ப என்ன?" என்றார் தம்பி. "கறுப்பு ஃபிலிம் ஒட்டிரலாம். நாளைக்கே ஆள் அனுப்புறேன்."

"அந்தக் கண்ணாடில ஃபிலிம் ஒட்டுனா இன்னும் சூடாகி ஒருநாள் விரியும். அதுக்குக் கீழ யாரு படுத்திருப்பா தெரியுமா? கையில ஊசியோட ஒரு ஆளு. எந்திரிச்சு ஓட முடியாத ஆளு."

அவர் சந்தனப் பொட்டு வைத்த நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டையும் கழட்டித் திருப்பி மாட்டணும், தம்பி."

"பசையெல்லாம் வெட்டி எடுக்கணும், சாரம் கட்டணும். ரெண்டு மூணு வாரம் போயிரும் அக்கா. திறப்பு விழாவுக்கு ஒய்பி வர்றாருனு சொன்னாங்க?"

அதைக் கேட்டதும் தலைவர் முகம் மாறியது. ஒய்பி எங்கள் சட்டமன்ற உறுப்பினர். அவருடைய நாளை வாங்கத் தலைவர் எத்தனை படி ஏறி இறங்கினார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். விழா முடிந்தபிறகு திருப்பிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"நோயாளிங்க வந்து உக்காந்த பிறகு யாரையும் எழுப்பி யாரும் ஜன்னல் கழட்ட மாட்டாங்க ஐயா. உங்களுக்கே தெரியும். அப்புறம் சுவர்தான் வரும். திருப்பி மாட்டாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவர் வேறொரு கட்டடக் கலைஞரைப் பிடிக்கலாம். ஜன்னல் வேண்டாம், சுவரே போதும் என்று சொல்லலாம். அதற்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் ஜன்னலருகே போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கீழே பள்ளி வேன் ஒன்று மழைமரத்தடியில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது.

"அந்த மூலைக் கதிரையில நான் நித்திரை கொண்டது உண்மைதானே," என்றார் கடைசியில். "ஒய்பியிட்ட நான் கதைக்கிறன். திருப்புங்கோ."

அவர் சொன்னதும் அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. விழவில்லை.

பெரிய மலையைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் புடைவையைக்கூட மாற்றாமல் சோபாவில் படுத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரம், குறட்டை எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இன்னும் ரெண்டு மூணு வாரம் நான் பாலம் தாண்டணும்."

"ஆமாக்கா."

"காலைல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அடுத்த வாரத்துல இருந்து இங்கயேதான்னு." தலையிலிருந்த பூவைப் பிடுங்கிக் கீழே போட்டாள். "உனக்கு உன் கண்ணாடி பெருசு. எனக்கு எங்கயாவது பக்கத்துல ஊசி குத்துனா போதும்டி. சூடா இருந்தா இருந்துட்டுப் போகுது."

அவளுக்காகத்தானே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள்தானே பாலம் தாண்டப் போகிறவள், நான் இல்லையே. காடியில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் தம்பியைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் இருபது வயதிலிருந்து ஜன்னலில்லாத கூடங்களில் இருந்தவள். இது போதும் என்று அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

அந்த வாரங்களில் மச்சானை நிறுத்திவிட்டு நானே அவளைப் பாலம் தாண்டிக் கூட்டிப்போனேன். போகும்போதும் வரும்போதும் அவள் என்னோடு பேசவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளை இறக்கிவிட்டு வேலைத்தளத்துக்குப் போவேன். பசை வெட்டுகிறவர்கள் பின்னால் நின்று அவர்கள் உயிரை எடுப்பேன். அவர்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க விருப்பமில்லை. கண்ணாடிகள் திரும்பி ஏறியதும், சாரம் பிரிக்குமுன் அறையை இருட்டாக்கித் தம்பியிடம் லைட்டரைக் கொடுத்தேன். நீங்களே பாருங்கள் என்றேன். கொளுத்திப் பிடித்து விரலால் எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணாவதுதான் அக்கா! அட, மூணாவதுதான்!" என்று கத்தினார். பிறகு யாரும் சொல்லாமலேயே அடுத்த ஜன்னலுக்கு ஓடினார். இப்போது அவருடைய பட்டறையில் எந்த இரட்டைக் கண்ணாடி மாட்டினாலும் லைட்டர் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

ஒய்பி வேறொரு நாளில் வந்து நாடா வெட்டினார். தலைவர் தம் பங்குக்குப் பெரிய கடிகாரம் ஒன்று அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். நாற்காலிகளுக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஜன்னலைக் கொடுத்த மனிதரிடம் கடிகாரத்துக்குச் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்குக் கிடைத்தது பிற்பகல் முறை, அதுவும் வெயில் வருகிற நேரம். நடு ஜன்னல் நாற்காலியில் படுத்தாள். இடது கையில் ஊசி ஏற்றினார்கள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என் பக்கமே திரும்பவில்லை. பிறகு வலது கையை நீட்டி உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"அந்த ஆளு எவ்வளவு நேரமா காடிய நிப்பாட்டப் பாக்குறான் பாரு," என்றாள். மூன்று வாரத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "பின்னாடி இடம் கெடக்கு. முன்னாடி முன்னாடியே போறான், மடையன்."

அப்புறம் நிறுத்தவில்லை. வாழைப்பழம் பொரித்து விற்கிற லாரிக்காரன் மனைவியோடு சண்டை போடுவது, பள்ளி வேனிலிருந்து கடைசியாக இறங்கிய பையன் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு போவது, குன்றுக்குப் பின்னாலிருந்து மழை கிளம்பி வருவது, லாரிக்காரனும் மனைவியும் சண்டையை விட்டுவிட்டுச் சேர்ந்து படுதாவை இழுப்பது. எல்லாவற்றையும் எனக்குத் தெரியாத மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தாள். மழை வந்து கண்ணாடியில் அடித்து, விட்டு, மறுபடி வெயில் வந்தது. அந்த வெயில் அவள் மடிமேல் வெளிச்சமாக விழுந்தது. சுடவில்லை.

தாதி வந்து இயந்திரத்தைப் பார்த்தார்.

"அக்கா, முடிஞ்சிருச்சு. ஊசிய எடுத்துரலாமா?"

அக்கா கண்ணாடியிலிருந்து திரும்பினாள்.

"அதுக்குள்ளயா?" என்றாள்.